நாய்க்குட்டியைத் தூக்கி வருமுன் யோசிப்போம்



பாடசாலை விடுமுறை வந்தால் நம்மில் பல பேர் வன்னிக்குப் போய் வருகிறோம். 1958, 1977 ஆம் ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பிறகு நமது தோட்டங்களில் இருந்து ஏராளமான குடும்பங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் போய்க் குடியேறின. கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் என்று எங்கே போனாலும் நம்ம மலைநாட்டுச் சொந்தம் ஒன்று இருக்கும். திரும்பி வரும்போது பையில் நிலக்கடலை இருக்கும், முருங்கைக்காய் இருக்கும். சில நேரம் சொப்பிங் பையில் ஒரு நாய்க்குட்டியும் இருக்கும். இந்தமுறை அந்த நாய்க்குட்டியைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

"நாய்க்குட்டிக்கு ஒரு கட்டுரையா?" என்று நினைக்க வேண்டாம். போன வருடம் ஒரு டிவிஷனில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு வீட்டுக்காரர் ஆசையாகக் குட்டி ஒன்று கொண்டுவந்தார். ஆறு மாதத்தில் அது வளர்ந்து, பக்கத்துக் காம்பராக் கோழியைப் பிடித்தது. இரண்டு தடவை சண்டை. மூன்றாவது தடவை, இரவில் லொறியில் ஏற்றி வேறொரு தோட்டத்து வளைவில் இறக்கிவிட்டார்கள். நாலு நாள் கழித்து அந்தத் தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவுக்குப் போன ஒரு சின்னப் பிள்ளையின் காலை அது கடித்துவிட்டது. கடித்த நாய் ஓடிப்போனது. யார் வீட்டு நாய், ஊசி போட்டதா, உயிரோடு இருக்கிறதா, ஒன்றுமே தெரியாது. பிள்ளைக்கு ஊசி எல்லாம் போட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவையும் தாய்க்கு ஒரு நாள் பேர் போனது, பஸ் காசு போனது. பிள்ளை இப்போது சுகம். ஆனால் அந்தக் குடும்பம் பட்ட பயத்துக்கு யார் பதில் சொல்வது? முதல் வீட்டுக்காரருக்கு இது இன்றுவரை தெரியாது.

ஆகவே, குட்டியைக் கொண்டுவந்த பிறகு யோசிப்பதில் பயன் இல்லை. கொண்டுவருமுன் யோசிக்க வேண்டும்.

வன்னியில் கேட்ட பாடம்

இதை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் பாரதிபுரத்தில் இருக்கும் எங்கள் பெரியம்மா. நலன்புரி உத்தியோகத்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நாங்களும், விடுமுறையில் அங்கே போனபோது யோசிக்காமல்தான் இருந்தோம். பெரியம்மா வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. எங்கள் சின்ன மகன் ஒரு வெள்ளைக் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அப்பாயி, இத நான் கொண்டு போறேன்" என்றான். நாங்களும் சிரித்துக்கொண்டு சரி என்றோம். பெரியம்மா சிரிக்கவில்லை.

"ராசா, குட்டிய கொண்டு போறது சுகம். வளர்ந்த பிறகு என்ன செய்வ?" என்று கேட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "தம்பி, நாய விட்டுட்டுப் போறது என்னான்னு எனக்குத் தெரியும்" என்றார்.

2008 ஆம் ஆண்டு கடைசியில் கிளிநொச்சி நகரமும் சுற்றியுள்ள ஊர்களும் காலியாகின. பெரியம்மா குடும்பம் லாண்ட்மாஸ்டரில் பாத்திரம் பண்டம், கூரைத் தகரம், பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தருமபுரம் பக்கம் புறப்பட்டது. வீட்டு நாய் வட்டக்கச்சி வரைக்கும் பின்னால் ஓடி வந்ததாம். அதற்குப் பிறகு சனக்கூட்டத்தில் காணவில்லை. தேடுவதற்கு இறங்க முடியாது. அங்கிருந்து விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று போய், 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பர் மாதத்தில்தான் முழுவதும் மூடப்பட்டது. பெரியம்மா குடும்பம் 2010 இல் ஊர் திரும்பியது.

சனங்கள் இல்லாத அந்த மாதங்களில் வன்னி ஊர்களில் மிஞ்சி நின்றவை மாடுகளும் நாய்களும்தான். கட்டாக்காலியாகத் திரிந்தன. கிடைத்ததைத் தின்றன, செத்தவை போக மிச்சம் பெருகின. பெரியம்மா திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. வளவில் மூன்று நாய் படுத்திருந்தன. ஒன்றும் அவருடைய நாய் இல்லை. மனிதரைக் கண்டால் பல்லைக் காட்டும், சோற்றைக் கண்டால் தள்ளி நின்று பார்க்கும். அதில் ஒன்று கிட்ட வந்து சோறு தின்ன இரண்டு மாதம் பிடித்ததாம். எங்கள் மகன் மடியில் வைத்திருந்த குட்டி அதன் வழியில் வந்ததுதான்.

"எங்களுக்கு அன்னைக்கு வேற வழி இல்ல. பிள்ளையத் தூக்குவமா, நாயத் தூக்குவமா? ஆனா நீங்க சண்டை சச்சரவு இல்லாத காலத்தில நாயக் கொண்டுபோய் ரோட்டில விட்டா, அதுக்கு என்ன சாட்டுச் சொல்லுவீங்க?" என்றார் பெரியம்மா. எங்களிடம் பதில் இல்லை.

கைவிடப்பட்ட நாய்களுக்காகவே கிளிநொச்சி மாவட்டத்தில் இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை ஒரு சரணாலயம் அமைத்தது. நல்ல காரியம். ஆனால் வீட்டுக்கு வீடு யோசிக்காமல் குட்டி எடுத்து, வேண்டாம் என்றதும் கைவிட்டால், எத்தனை சரணாலயம் கட்டினாலும் போதாது.

அங்கே வளவு, இங்கே லயம்

வன்னியில் நாய்க்கு வேலை இருக்கிறது. கால் ஏக்கர், அரை ஏக்கர் வளவு. கடலைத் தோட்டத்துக்குப் பன்றி வந்தால் குரைக்கும், குரங்கை விரட்டும், பாம்பு வந்தால் காட்டிக்கொடுக்கும், இரவில் யானை வந்தால் வீட்டை எழுப்பிவிடும். பகல் முழுக்க ஓடித் திரிய இடமும் உண்டு.

நம்ம லயத்தில் என்ன இருக்கிறது? ஒரு காம்பரா, ஒரு இஸ்தோப்பு, முன்னால் கான், அதற்கு அங்கால் பொதுப் பாதை. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். உங்கள் நாய் இரவில் குரைத்தால் பத்துக் காம்பராவும் கண் விழிக்கும். உங்கள் நாய் அசுத்தம் செய்யும் இடத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளை விளையாடும். தேயிலை மலைக்குள் அலையவிட்டால், பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டிச் சாகும். சில தோட்டங்களில் சிறுத்தை லயத்துக்கே வருவது நாயைத் தேடித்தான். வன்னி வெயிலில் பிறந்த குட்டி நம்ம மார்கழிக் குளிரையும் தாங்க வேண்டும்.

லயத்தில் நாய் வளர்க்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நன்றாக வளர்க்கிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். வன்னியில் சுகமாக வளர்கிறது என்பதற்காக இங்கேயும் தானாக வளர்ந்துவிடும் என்று நினைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறோம்.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்விகள்

பெரியம்மா எங்கள் மகனிடம் கேட்ட கேள்விகளோடு, எங்கள் வேலையில் பார்த்ததையும் சேர்த்துக் கீழே தருகிறோம். சும்மா தலையாட்டாமல் உண்மையான பதில் சொல்லிப் பாருங்கள்.

1. எத்தனை வருடத்துக்கு? ஒரு நாய் பத்து, பன்னிரண்டு வருடம் இருக்கும். அதற்கு மேலும் இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஆசைப்பட்டு எடுத்தால், அந்தப் பிள்ளை படித்து முடித்துக் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகும் நாய் இஸ்தோப்பில் இருக்கும். அப்போது சோறு போடப்போவது யார்? அநேகமாக அம்மாதான். அப்படியானால் முதலில் அம்மாவின் சம்மதம் வேண்டும்.

2. பகலில் யார் பார்ப்பது? அம்மா காலையில் கொழுந்துக்கு, அப்பா பெக்டரிக்கு, பிள்ளைகள் பாடசாலைக்கு. குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை சாப்பாடு வேண்டும். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிற நாய் சீறுகிற நாயாக வளரும். பிறகு அதையே "கெட்ட நாய்" என்று திட்டுவோம். கெடுத்தது யார்?

3. சாப்பாட்டுக்கு வழி உண்டா? மிச்சம் மீதி போதும் என்பார்கள். மாதக் கடைசியில் நம்ம சட்டியிலேயே மிச்சம் இருப்பதில்லை. வளர்ந்த நாய்க்கும் இரண்டு வேளை வேண்டும். சோறு, ரொட்டி மட்டும் பத்தாது. கருவாட்டுத் தலை, மீன் துண்டு, முட்டை என்று ஏதாவது சேர வேண்டும். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். பசித்த நாய்தான் அடுத்தவன் கோழியைப் பார்க்கும்.

4. எங்கே படுக்கும்? மழையும் காற்றும் படாத ஒரு மூலை, பழைய சாக்கு இரண்டு, நிலத்தில் இருந்து கொஞ்சம் உயர்த்திய பலகை. இவ்வளவு போதும். ஆனால் இவ்வளவாவது வேண்டும்.

5. பக்கத்துக் காம்பரா என்ன சொல்கிறது? இதை யாரும் கேட்பதில்லை, சண்டை வருவதோ இதனால்தான். குட்டி வருமுன் போய், "அக்கா, நாய் ஒண்ணு வளக்கலாம்னு இருக்கோம், உங்களுக்குக் கஷ்டம் இல்லையே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், இழுப்பு வருத்தக்காரர் இருக்கலாம். கேட்டவரோடு சண்டை பிடிக்க யாருக்கும் மனம் வராது.

6. ஆணா, பெண்ணா? பெண் குட்டி ஆறு மாதம் தாண்டினால் சினைப்படக்கூடும். இரண்டு மாதத்தில் குட்டி போடும். ஒரு ஈற்றில் நாலு, ஆறு. வருடத்துக்கு இரண்டு ஈற்று என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால்தான் பெண் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஆற்றங்கரையில் விடுகிறார்கள். இது பாவம் மட்டுமல்ல, 1907 ஆம் ஆண்டில் இருந்தே மிருகவதை நம் நாட்டில் சட்டப்படி குற்றம். கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்தால் இந்தக் கரைச்சல் இல்லை. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டால் எங்கே, எப்போது செய்வார்கள் என்று சொல்வார்கள். ஆண் நாய்க்கும் செய்யலாம்.

7. வீடு மாறினால்? இதை அழுத்திச் சொல்கிறோம். லயத்தில் இருந்து 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீட்டுக்கு எத்தனையோ குடும்பங்கள் போயிருக்கின்றன. சந்தோசம். போகும்போது கட்டில், அலுமாரி, சாமிப்படம் எல்லாம் போனது. சில நாய்கள் மட்டும் பழைய லயத்திலேயே நின்றுவிட்டன. ஒரு மைல் தூரம் கூட இல்லை! வன்னிச் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியபோது விட்டு வந்தது வேறு. நாம் பால் காய்ச்சிக் குடிபுகும்போது விட்டு வருவது வேறு. தருமர் கடைசிவரை கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குப் போகமாட்டேன் என்று நின்றதைப் பாரதத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

விசர்நாய்க்கடி: இதில் விளையாட்டு வேண்டாம்

நாய் வளர்க்கிற வீடும், வளர்க்காத வீடும் தெரிந்திருக்க வேண்டியது இது. விசர்நாய்க்கடி நோய், அதாவது நீர்வெறுப்பு நோய், மனிதருக்கு வந்து அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் வராமல் தடுப்பது முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர் 1885 ஆம் ஆண்டில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இந்தத் தடுப்பூசியைப் போட்டுக் காப்பாற்றினார். அப்படியிருந்தும் உலகத்தில் இன்னும் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இந்த நோயால் சாகிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பத்துக்கு நாலு பேர் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். அநேகமாக எல்லாமே நாயினால் வருவது.

நம் நாட்டில் 1973 ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இறந்தார்கள். இப்போது அது ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. காரணம், நாய்களுக்கு ஊசி போட்டதும், கடிபட்டவர்கள் உடனே வைத்தியசாலைக்குப் போனதும்தான். முன்பு தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் இருந்தது. 2006 இல் அது நிறுத்தப்பட்டு, ஊசியும் கருத்தடையும்தான் வழி என்று ஆனது.

ஆகவே நாய் எடுத்தால்:

குட்டிக்கு ஆறு வாரம் ஆனதும் முதல் ஊசியைப் பற்றிக் கேளுங்கள். "சின்னக் குட்டிக்கு ஊசி கூடாது" என்பது தவறான பேச்சு. குட்டிக்கும் இந்த நோய் வரும், குட்டியின் பல்லும் நகமும் பட்டாலும் தொற்றும். அடுத்த ஊசி எப்போது என்று வைத்தியர் சொல்லும் திகதியை எழுதி வையுங்கள். பிறகு வருடா வருடம் தவறாமல் போட வேண்டும். சுகாதாரத் திணைக்களம் நடத்தும் நாய்த் தடுப்பூசிக் கிளினிக்குகளில் இது இலவசம். திகதியைத் தோட்ட டிஸ்பென்சரியிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்கலாம். ஊசித் துண்டைப் பிள்ளைகளின் கிளினிக் கார்டோடு பத்திரமாக வையுங்கள். பூச்சி மருந்தும் கொடுக்க வேண்டும். 1901 ஆம் ஆண்டுச் சட்டப்படி நாயைப் பதிவு செய்வதும் கடமை. அதைப் பிரதேச சபையில் விசாரியுங்கள்.

நாயோ பூனையோ கடித்தால், கீறினால், காயத்தை நக்கினால்:

ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், எண்ணெய் ஒன்றும் வேண்டாம். வேர் கட்டுவது, மந்திரிப்பது என்று நேரத்தை வீணாக்க வேண்டாம். அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள், அங்கே ஊசி இலவசம். தோட்டத்தில் லீவு கேட்கத் தயங்க வேண்டாம், தேவையானால் எங்களிடம் சொல்லுங்கள். கடித்த நாயை அடித்துக் கொல்ல வேண்டாம். பிடிக்க முடிந்தால் கட்டிவைத்து 14 நாள் கவனிக்க வேண்டும். அது ஊசி போட்ட நாயா, சுகமாக இருக்கிறதா என்று தெரிந்தால்தான் வைத்தியருக்கு முடிவெடுப்பது இலகு. நாம் ரோட்டில் விட்ட நாயைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? அந்தச் சின்னப் பிள்ளைக்கு நடந்தது அதுதான்.

வைத்திருக்க முடியாமல் போனால்

எவ்வளவு யோசித்து எடுத்தாலும் நிலைமை மாறலாம். வருத்தம் வரலாம், வெளிநாடு போக வேண்டி வரலாம். அப்போது வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். கோயிலில் சொல்லுங்கள், பெரட்டில் சொல்லுங்கள், எங்களிடம் சொல்லுங்கள். நாயைப் பிடிக்கிற வீடு ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். ஊசித் துண்டோடு கைமாறினால் எடுக்கிறவருக்கும் நம்பிக்கை. இரவு லொறி மட்டும் வேண்டாம்.

எங்கள் வீட்டுக் கதை

வெள்ளைக் குட்டி பாரதிபுரத்திலேயே நின்றுவிட்டது. "கேள்விக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டு அடுத்த லீவுக்கு வா" என்று சொல்லிப் பெரியம்மா அனுப்பிவிட்டார். மகன் வவுனியா வரைக்கும் பஸ்ஸில் பேசவே இல்லை.

வீட்டுக்கு வந்து உண்மையாகவே கொப்பியில் எழுதினான். இரண்டாம் கேள்வியில் மாட்டிக்கொண்டான். பகலில் குட்டியைப் பார்க்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. அப்போதுதான் அவன் ஒரு விசயம் சொன்னான். பழைய லயத்தில் ஒரு குடும்பம் வீடு மாறிப் போனபோது நின்றுவிட்ட ஒரு பெட்டை நாய்க்கு, பாடசாலை விட்டு வரும் வழியில் அவன் தினமும் ரொட்டித் துண்டு போட்டு வந்திருக்கிறான். நாங்கள் ஒவ்வொரு நாளும் அந்த வழியால் போகிறோம், ஒருநாளும் கண்ணில் படவில்லை.

அந்தக் குடும்பத்திடம் போய்க் கேட்டோம். அவர்களுக்கும் மனம் சங்கடம்தான். சரி என்றார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டோம். "கோழியத் தொடாம இருந்தாச் சரி" என்றார். ஊசி போட்டோம், கருத்தடையும் செய்தோம். நாலு வயது இருக்கும். குளிர் பழகியது, லயம் பழகியது, பகலில் இஸ்தோப்பில் படுத்துக் கிடக்கும். ஆகவே, குட்டி என்று தேடித் தூர இடத்துக்குப் போகுமுன் உங்கள் டிவிஷனிலேயே ஒரு வீடு இல்லாத நாய் நிற்கிறதா என்றும் பாருங்கள். மூன்று மாதமாகிறது, அக்காவின் கோழிகள் எல்லாம் பத்திரம்.

பெரியம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வயசான பிறகும் வச்சிருப்பீங்கதானே?" என்று கேட்டார். மகன் "ஓம்" என்றான். அந்த "ஓம்" சொல்ல முடியுமானால் நீங்களும் நாய் வளருங்கள். முடியாவிட்டால் இப்போதைக்கு வேண்டாம். பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு வாருங்கள், அதுவும் நல்லதுதான்.